ஜெபமும் பண்ணினோம், காவலும் வைத்தோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கடவுளை நம்புகிறவன் எதற்குக் கதவைப் பூட்ட வேண்டும்?" இந்தக் கேள்வி வெவ்வேறு உருவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. ஊழியம் செய்கிறவர்கள், சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள், தான் ராப்பகலாக உழைத்தது அடுத்தவர் பெயரில் போனதைப் பார்த்து நொந்துபோனவர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லப்போய் நான் கடைசியில் வந்து நிற்கிற இடம் நெகேமியா புத்தகத்தின் 4-ம் அதிகாரம்தான். அதனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடுகிறேன். நீளம்தான். உங்களுக்கு வேண்டிய கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் சரி.

நெகேமியா கதை எனக்குத் தெரியாதே, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பெர்சிய ராஜா அர்தசஷ்டாவுக்குச் சூசான் அரண்மனையில் பானபாத்திரக்காரராக, அதாவது ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறுகிறவராக, இருந்த யூதர் நெகேமியா. ராஜாவின் 20-ம் ஆண்டில், ஏறக்குறைய கி.மு. 445-ல், எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிறது, வாசல்கள் எரிந்துபோய்க் கிடக்கின்றன என்ற செய்தி அவருக்கு வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசம் இருக்கிறார், ஏறக்குறைய 4 மாதம் ஜெபிக்கிறார். அப்புறம் ராஜாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எருசலேமுக்குப் போய், 52 நாளில் மதிலைக் கட்டி முடிக்கிறார். பழைய தமிழ் வேதாகமம் மதிலுக்கு 'அலங்கம்' என்ற சொல்லைப் பயன்படுத்தும். படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் வடக்கே சமாரியாவில் சன்பல்லாத், கிழக்கே அம்மோனியனான தொபியா, தெற்கே அரபியனான கேஷேம், மேற்கே அஸ்தோத்தியர். நாலு பக்கமும் ஆள். சன்பல்லாத் கதைக்காகச் செய்த பாத்திரம் என்று நினைக்க வேண்டாம். எகிப்தின் எலிபன்டைன் தீவில் கிடைத்த கி.மு. 407-ம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் 'சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்கள்' என்றே எழுதியிருக்கிறது.

ஜெபம் பண்ணிய பிறகு காவலும் வைத்தால் அது பாதி விசுவாசம்தானே?

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. நெகேமியா 4:9-ஐ எடுத்துப் பாருங்கள்: "நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்கள் நிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்." ஒரே வாக்கியம். 'ஜெபம்பண்ணி' என்பது வினையெச்சம், 'வைத்தோம்' என்பதில் போய்த்தான் அது முடிகிறது. நடுவில் 'இருந்தாலும்' கிடையாது, 'ஒருவேளை கேட்கப்படாவிட்டால்' கிடையாது. ஜெபம் பலிக்காதோ என்ற சந்தேகத்தில் ஆள் போட்ட மாதிரி அந்த மனிதர் பேசவே இல்லை.

உடனே சங்கீதம் 127-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள்: "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா." சரி, அந்த வசனத்தில் காவலாளரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறதா? கர்த்தர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுகிறவன் பிரயாசமும் விருதா என்று முன்பாதி சொல்கிறது. அதைப் படித்துவிட்டு எந்தக் கொத்தனாரும் கரண்டியைக் கீழே போடவில்லை. காவலாளி விஷயத்தில் மட்டும் ஏன் அவசரம் என்று எனக்குப் புரிவதில்லை.

'சமநிலை' என்ற சொல்லே இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது என்று நினைக்கிறேன். தராசு ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு தட்டில் விசுவாசம், மறுதட்டில் ஆயத்தம், ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்று. நெகேமியாவின் நாட்குறிப்பில் இரண்டும் சேர்ந்தேதான் ஏறுகின்றன. மிரட்டல் கூடக்கூட ஜெபமும் கூடுகிறது, ஈட்டியும் கூடுகிறது.

அப்படியானால் எஸ்றா ஏன் காவலர் வேண்டாம் என்றார்?

நல்ல கேள்வி. நெகேமியாவுக்கு 13 ஆண்டு முன்னால், கி.மு. 458 வாக்கில், வேதபாரகரான எஸ்றா அதே எருசலேமுக்குப் புறப்பட்டார். "எங்கள் தேவனைத் தேடுகிறவர்கள்மேல் அவருடைய கை இருக்கிறது" என்று ராஜாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று, இனி வழித்துணைக்குப் படை கேட்க வெட்கமாக இருக்கிறது என்று அவரே எழுதுகிறார். உபவாசித்து ஜெபித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நெகேமியாவோ சேர்வைக்காரரும் (படைத்தலைவர்கள்) குதிரைவீரரும் கூடவர வந்திறங்கினார். ஒரே தேவன், ஒரே பாதை, இரண்டு முடிவு. வேதம் இருவரில் ஒருவரையும் குறை சொல்லவில்லை.

இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே அதிகாரத்தின் அடுத்த பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள். எஸ்றா தன்னோடு 650 தாலந்து (அந்தக் கால எடை அளவு) வெள்ளியும் 100 தாலந்து பொன்னும் கொண்டுபோனார். கிளம்பும் முன் 12 ஆசாரியத் தலைவர்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் நிறுத்து அவர்கள் கையில் கொடுத்தார். எருசலேமுக்குப் போன நாலாம் நாள் திரும்பவும் நிறுத்து, எண்ணி, நிறை முழுவதையும் எழுதிவைத்தார்கள். குதிரைப்படை வேண்டாம் என்ற அதே மனிதர் தராசை மட்டும் விடவில்லை. கொள்ளைக்காரனிடமிருந்து தேவன் காப்பார் என்று நம்பினார், ஆனால் 'நடுவில் கொஞ்சம் காணோமே' என்று நாளைக்கு ஒருவர் வாய் திறக்காதபடி கணக்கைத் தானே பார்த்துக்கொண்டார். படை வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஆள் அழைப்பு மாறலாம். கணக்கு எழுதுவதில் இருந்து விலக்குப் பெற்ற விசுவாசி ஒருவரையும் நான் வேதத்தில் பார்க்கவில்லை.

எது முதலில், ஜெபமா ஆயத்தமா?

ஜெபம். அதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த 4 மாத ஜெபத்தில் நெகேமியா என்னவெல்லாம் யோசித்திருப்பார் என்பதையும் பாருங்கள். ராஜா "என்ன வேண்டும்?" என்று கேட்ட நொடியில் அவர் வாயில் பட்டியல் தயாராக இருக்கிறது: எத்தனை காலம் விடுப்பு, நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம், ராஜாவின் வனக்காவலன் ஆசாபுக்கு மரம் கேட்டு ஒரு கடிதம். வனக்காவலன் பெயர் வரைக்கும் தெரிந்திருக்கிறது! முழங்காலில் இருந்த மாதங்களில் விசாரிக்கவும் செய்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

எருசலேமுக்குப் போனதும் மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, ராத்திரியில் சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, தான் ஏறின ஒரே மிருகத்தோடு இடிபாட்டைச் சுற்றிப் பார்க்கிறார். ஓர் இடத்தில் மிருகம் நுழையக்கூட வழியில்லை. தேவன் தன் மனதில் வைத்ததை அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. தரிசனம் கிடைத்த மறுநாளே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு அப்புறம் இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

"ஒரு கையில் வேலை, மறுகையில் ஆயுதம்." நடைமுறையில் அது சாத்தியமா? இரண்டுமே கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகும், எல்லோரும் ஒரே மாதிரி செய்தால். ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 4:17, 18 இரண்டையும் மெதுவாகப் படியுங்கள். சுமை சுமக்கிறவன் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொள்ளலாம், அதனால் மறுகையில் ஆயுதம். கல் வைத்துக் கட்டுகிறவனுக்கு அது முடியாது, கல்லைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் அவனுக்கு மட்டும் பட்டயம் இடுப்பில். நெகேமியாவின் சொந்த வேலைக்காரரில் பாதிப்பேர் வேலை, பாதிப்பேர் ஈட்டியும் பரிசையும் (கேடயம்) வில்லும் பிடித்து நிற்கிறார்கள். ஊதுகிறவன் ஒருவன் நெகேமியாவின் பக்கத்திலேயே நிற்கிறான். மதில் நீளம், ஆட்கள் தூரம்தூரமாகச் சிதறி நிற்கிறார்கள், எக்காளச் சத்தம் கேட்கிற இடத்துக்கு எல்லோரும் ஓடிவர வேண்டும் என்று ஏற்பாடு.

இந்த அதிகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இடுப்புதான். ஆயுதம் எங்கே இருக்க வேண்டும் என்பதை எதிரி தீர்மானிக்கவில்லை, வேலை தீர்மானிக்கிறது. கொத்தனாரின் கை கல்லுக்கு. பட்டயம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் போதும்.

நம் ஆட்கள் சிலரைப் பார்க்கிறேன், யாரோ ஒருவர் தன் வேலையைத் திருடிவிட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து வேலையே செய்வதில்லை. முழு நேரமும் ஆதாரம் சேர்ப்பது, பதில் எழுதுவது, யார் யார் யார் பக்கம் என்று கணக்கெடுப்பது. பட்டயம் இரண்டு கையிலும் ஏறிவிட்டது, கல் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. இன்னொரு கூட்டம் இடுப்புக்கச்சையே கட்டமாட்டேன் என்கிறது.

கடைசியில் சண்டை நடந்ததா?

இல்லை! 52 நாளில் அந்த மதிலுக்காக ஒருவர்மேலும் பட்டயம் வீசியதாக எழுதப்படவில்லை. தங்கள் யோசனை தெரிந்துபோயிற்று என்றும் தேவன் அதை அபத்தமாக்கினார் என்றும் எதிரிகள் கேள்விப்பட்டார்கள், அதன்பின் நாங்கள் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினோம் என்கிறார். தெரிந்துபோனது காவலாளி விழித்திருந்ததால். அபத்தமாக்கியது தேவன். நெகேமியா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எந்த இடத்தில் ஆயத்தம் அவிசுவாசமாக மாறுகிறது?

இதற்கு எசேக்கியா ராஜாவின் காலத்துக்குப் போக வேண்டும். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வருகிறான். எருசலேமில் மதிலைப் பழுதுபார்க்கிறார்கள், ஆயுதம் செய்கிறார்கள், ஊற்றுத் தண்ணீரை நகருக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்து வாய்க்கால் வெட்டுகிறார்கள். 533 மீட்டர் நீளம், இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். அப்படிச் சந்தித்த நாளைப் பற்றிப் பாறையில் எழுதிய கல்வெட்டு 1880-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைக்கும் அந்தச் சுரங்கத்துக்குள் தண்ணீரில் நடந்துபோகலாம்.

இவ்வளவு அருமையான வேலையைப் பற்றித் தீர்க்கதரிசி ஏசாயா தன் புத்தகத்தின் 22-ம் அதிகாரத்தில் என்ன சொல்கிறார் தெரியுமா? ஆயுதசாலையைப் பார்த்தீர்கள், வீடுகளை எண்ணி மதிலை அரணாக்க இடித்தீர்கள், இரண்டு மதிலுக்கு நடுவே தண்ணீர் தேக்கினீர்கள், ஆனால் இதைச் செய்தவரை நோக்கவில்லை என்கிறார். வாய்க்கால் வெட்டியது தப்பு என்று அவர் சொல்லவில்லை. வெட்டும்போது தலை நிமிரவே இல்லை என்கிறார். எசேக்கியாவும் பிறகு மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்து ஜெபிக்கிறார். சுரங்கம் அப்போதும் அங்கேதான் இருந்தது, அதை ஒருவரும் மண் போட்டு மூடவில்லை.

எனக்கு நானே வைத்திருக்கிற சோதனை ரொம்பச் சாதாரணமானது. இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்த பிறகு தூங்க முடிகிறதா? கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால் அது பூட்டு. பூட்டிவிட்டு ஏழு தடவை எழுந்துபோய் இழுத்துப் பார்த்தால் அங்கே பிரச்சினை பூட்டில் இல்லை. கூடவே இன்னொன்றையும் பார்ப்பேன்: இந்தப் பாதுகாப்புக்காகச் செய்கிற காரியத்தைப் பகிரங்கமாகச் செய்ய முடியுமா? பொய்க் கையெழுத்து, லஞ்சம், அடுத்தவர் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படிப்பது இதெல்லாம் 'ஆயத்தம்' என்ற பெயரில் வந்தால் உடனே கதவைச் சாத்துங்கள்.

கிதியோனிடம் ஆட்களைக் குறைக்கத்தானே தேவன் சொன்னார்?

ஆமாம், மீதியானியரை எதிர்த்துப் போனபோது கிதியோனோடு இருந்த 32,000 பேர் 10,000 ஆகி, கடைசியில் 300. ஆனால் குறைக்கச் சொன்னது தேவன், கிதியோனின் சோம்பல் இல்லை. அந்த 300 பேரும் வெறுங்கையோடு போகவும் இல்லை. எக்காளம், பானை, பானைக்குள் தீவட்டி, மூன்று படையாகப் பிரிவு, நடுச்சாமத்தில் காவல் மாறுகிற நேரம் என்று எல்லாம் திட்டம். தெளிவான கட்டளை கிடைத்தவர்கள் குறைத்துக்கொள்ளலாம். கிடைக்காதவர்கள் கிதியோனைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

என் வேலையைக் கேலி செய்கிறார்கள், வதந்தி பரப்புகிறார்கள். பதில் சொல்லவா, விட்டுவிடவா?

கேலியையும் வதந்தியையும் நெகேமியா ஒரே மாதிரி நடத்தவில்லை.

"ஒரு நரி ஏறிப்போனாலும் இவர்கள் கட்டுகிற கல்மதில் இடிந்துபோகும்" என்று தொபியா நக்கலடிக்கிறான். அதற்கு நெகேமியா பதிலே சொல்லவில்லை. தேவனிடம் போய்க் கொட்டுகிறார். அந்த ஜெபம் கேட்க இனிமையாக இருக்காது, 'இவர்கள் அக்கிரமத்தை மூடாதேயும்' என்கிற அளவுக்குச் சூடாக இருக்கிறது. ஆனால் சூட்டை எல்லாம் மேலே அனுப்பிவிட்டதால் கீழே கைவேலை நிற்கவில்லை. அடுத்த வரியிலேயே மதில் பாதி உயரம் வந்துவிட்டது.

வதந்தி வேறு. நாலு தடவை பேச அழைத்தும் நெகேமியா வராததால், ஐந்தாவது தடவை சன்பல்லாத் அனுப்பியது முத்திரை போடாத கடிதம். வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும் என்றுதானே அப்படி அனுப்புவது? உள்ளே விஷயம், 'நீ ராஜாவாகப் பார்க்கிறாய், கலகம் பண்ணத்தான் மதில் கட்டுகிறாய் என்று ஜனங்களுக்குள்ளே பேச்சு, கேஷேமும் அப்படித்தான் சொல்கிறான்.' பெர்சிய ராஜாவின் காதுக்குப் போனால் தலை போகிற குற்றச்சாட்டு. இதற்கு நெகேமியா பதில் எழுதினார், ஆனால் சின்னதாக: நீர் சொல்கிறபடி ஒன்றும் நடக்கவில்லை, அது உம்முடைய மனதின் கற்பனை. அவ்வளவுதான். நூலில் இரண்டாவது மறுப்பு இல்லை. மறுத்த கையோடு "தேவனே, நீர் என் கைகளைத் திடப்படுத்தியருளும்" என்று ஒரு ஜெபம்.

ஆக, என் பெயரைக் கிண்டல் செய்தால் விட்டுவிடலாம். வேலையையோ அதை நம்பியிருக்கிற மனிதர்களையோ பாதிக்கிற பொய்யாக இருந்தால் ஒரு தடவை, தெளிவாக, எழுத்தில் மறுத்துவிடுங்கள். இரண்டாம் தடவை எழுதக் கை பரபரக்கும்போது அந்தக் கை யாருடைய வேலையைச் செய்கிறது என்று பாருங்கள்.

"வா, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று அழைத்தால் போக வேண்டாமா? சமாதானம் நல்லதுதானே?

சமாதானம் நல்லது. ஆனால் ஓனோ சமபூமிக்கு வரச்சொல்லி சன்பல்லாத்திடமிருந்தும் கேஷேமிடமிருந்தும் நாலு தடவை அழைப்பு வந்தும் நெகேமியா போகவில்லை. அவர்கள் பொல்லாப்பு செய்ய நினைத்தார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் தூதனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னது: "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது, நான் அந்த வேலையை விட்டு உங்களிடத்துக்கு வருகிறதினால் அது மினக்கெட்டுப்போவானேன்." மினக்கெடுவது! இதைவிடப் பொருத்தமான சொல்லை அந்த இடத்துக்கு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நாலு தடவையும் ஒரே பதில். வேறு விதமாகச் சொல்லிப் புரியவைக்கலாமே என்று அவர் முயலவில்லை.

வெளியாள் பரவாயில்லை, உள்ளேயே இருப்பவர்கள்தான் சோர்ந்துபோகிறார்கள், குழி பறிக்கிறார்கள். அதற்கு என்ன?

நெகேமியாவுக்கும் அதுதான் அதிகக் கஷ்டம். மதில் பாதி எழும்பிய நேரத்தில் யூதா மனிதரே, சுமைகாரரின் பெலன் குறைந்துபோகிறது, மண்மேடு நிறைய இருக்கிறது, நம்மால் முடியாது என்றார்கள். எதிரிகளுக்குப் பக்கத்தில் குடியிருந்த யூதர் பத்துத் தடவை வந்து பயமுறுத்தினார்கள். எதிரி பத்துத் தடவை வரவில்லை என்பதைக் கவனியுங்கள், நம் ஆட்கள்தான் வந்தார்கள்.

அவர் செய்தது, மதிலின் பள்ளமான இடங்களில் குடும்பம் குடும்பமாக ஆட்களை நிறுத்தினார். பக்கத்தில் நிற்கிறவன் சொந்தத் தம்பி என்றால் ஓடிப்போகக் கால் வருமா?

5-ம் அதிகாரம் இன்னும் வேதனை. கட்டுகிற ஏழைகளே வந்து அழுகிறார்கள், வயலையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமையாக விற்கிறோம், வட்டி வாங்குகிறவர்கள் நம் சகோதரரே என்று. நெகேமியா சபை கூட்டி, வட்டியையும் நிலத்தையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தானும் அதிபதியாக (ஆளுநராக) இருந்த 12 ஆண்டும் அதற்குரிய படியை வாங்கவில்லை. உள்ளே அநியாயம் நடக்கிற ஊருக்கு வெளியே எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் அதன் பெயர் பாதுகாப்பா? உங்கள் வேலையைத் தாக்க வருகிறவனைப் பற்றி ஜெபிப்பதற்கு முன்னால், கூட வேலை செய்கிறவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இன்றைக்கு எனக்கு ஈட்டியும் பட்டயமும் எதற்கு? என் வேலையை எதை வைத்துக் காப்பது?

பெரும்பாலும் காகிதத்தை வைத்து. கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும், ஆனால் அதுதான். என் கதையைச் சொல்கிறேன்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தினோம். புத்தகத்துக்கும் வாடகைக்கும் தெரிந்தவர்கள் பணம் கொடுப்பார்கள், அது என் பொறுப்பு. நான் கணக்கு என்று தனியாக எழுதவில்லை. தேவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று இருந்தேன். ரசீதை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்திருந்தேன், அது போதும் என்று நினைப்பு. மூன்றாவது வருஷம், எங்களைவிட்டுப் போன ஒருவர் மூலமாகப் பணத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று பேச்சு கிளம்பியது. அன்று ராத்திரி ஜெபித்துவிட்டுத் தைரியமாக உறையைத் திறந்து மேசையில் கொட்டினேன். பாதி ரசீது வெள்ளை. மெஷினில் அடித்துக் கொடுக்கிற அந்த வழவழப்பான தாளில் எழுத்து மொத்தமாக மங்கி, தேதி இல்லை, தொகை இல்லை, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் எங்கோ ஒரு பூஜ்யம்.

என்னைக் காப்பாற்றியது எங்களோடு இருந்த ஓர் அக்காவின் நோட்டு. அதிகம் பேசமாட்டார், கூட்டத்தில் சத்தமாக ஜெபித்தும் நான் கேட்டதில்லை. ஆனால் நான் பணம் வாங்கினேன் என்று சொன்ன ஒவ்வொரு நாளும், செலவு செய்தேன் என்று சொன்ன ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய் ஊதா மையில் எழுதிவைத்திருக்கிறார். "நீ மறந்துடுவேன்னு தெரியும்ப்பா" என்றார், அவ்வளவுதான் விளக்கம். அந்த நோட்டை எல்லோர் முன்னாலும் விரித்ததோடு பேச்சு அடங்கியது. தேவன் என் ஜெபத்தைக் கேட்டாரா என்றால் கேட்டார், நான் ஜெபிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே.

ஆகவே: பேசியதை எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது, எது உங்களுடையது, எது அவர்களுடையது என்று வேலை தொடங்கும் முன்பே கையெழுத்தோடு ஒரு தாள். செய்த வேலையின் பிரதி இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும், ஒரே கணினியில் இருக்கிற இரண்டு பிரதியும் ஒரு பிரதிதான். பணம் இருந்தால் இரண்டு பேர் கண் படட்டும். ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள் (இது அனுபவம்). நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் வேலையை எடுத்து நடத்த இன்னொருவருக்காவது எல்லாம் தெரிந்திருக்கட்டும்.

சட்டத்தை நாடலாமா? விசுவாசி வழக்குப் போடலாமா?

சகோதரருக்குள் வழக்கு வேண்டாம், சபைக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார், அதை முதலில் மதியுங்கள். ஆனால் அதே பவுல்தான், தன்னை வாரினால் கட்டி அடிக்கப்போன நேரத்தில், 'ரோமனை விசாரியாமல் அடிக்கலாமா?' என்று தன் குடியுரிமையை எடுத்து வெளியில் வைத்தவர். பிறகு இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசருக்கே, மேல்முறையீடு செய்தவர்.

இன்னும் ஒன்று, அப்போஸ்தலர் 23. ராத்திரி கர்த்தர் பவுலின் பக்கத்தில் நின்று, ரோமாவிலும் நீ சாட்சி கொடுக்க வேண்டும் என்கிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது. விடிந்ததும் 40-க்கு மேற்பட்டவர்கள் பவுலைக் கொல்லும்வரை சாப்பிடமாட்டோம் என்று சபதம் எடுக்கிறார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேட்டு ஓடிவந்து சொல்கிறான். 'கவலைப்படாதே தம்பி, நேற்று ராத்திரியே கர்த்தர் சொல்லிவிட்டார்' என்று பவுல் அவனை அனுப்பிவிடவில்லை. நேராகச் சேனாபதியிடம் அனுப்பினார். அன்று ராத்திரியே 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் சூழப் பவுல் ஊரைவிட்டுப் போகிறார். கர்த்தர் தன் வாக்கை 470 பேரை வைத்து நிறைவேற்றினார் என்று இதைப் படிப்பதில் தப்பு ஒன்றும் இல்லையே.

மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே இயேசு?

சொன்னார். என் கன்னத்தைப் பற்றிச் சொன்னார். அடுத்தவர் கன்னத்தைக் காட்ட எனக்கு உரிமை இல்லை. தன்னைச் சேவகன் அறைந்தபோது இயேசு 'நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் ஏன் அடிக்கிறாய்?' என்று கேட்டதும் யோவான் 18-ல் இருக்கிறது. திருப்பி அடிக்கவில்லை, ஆனால் அது நியாயம் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை.

நீண்ட நேரம் ஜெபிக்க முடிவதில்லை, நெருக்கடி நேரத்தில் வார்த்தையே வருவதில்லை.

ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் நெகேமியா ஒரு ஜெபம் செய்திருக்கிறார். எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மூச்சு இழுத்து விடுகிற நேரம். அது போதும்.

எல்லாம் செய்தேன். ஜெபித்தேன், ஆயத்தமாகவும் இருந்தேன். இருந்தும் வேலை போய்விட்டதே?

இதற்குச் சட்டென்று பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நானும் சொல்லப்போவதில்லை. ரோமாவுக்குப் போகிற வழியில் பவுல் ஏறிய கப்பலை மட்டும் சொல்கிறேன். 276 பேர். ஒரு உயிரும் சேதமாகாது, கப்பல் மட்டும் போகும் என்று தூதன் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் கப்பலாட்கள் படகில் ஏறித் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று பவுல் சொல்ல, சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கடைசியில் சொன்னபடியே ஆயிற்று. கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவன் நீந்தினான், மற்றவன் பலகையைப் பிடித்துக்கொண்டு மெலித்தா தீவில் கரையேறினான். அந்தக் கப்பலின் சொந்தக்காரனும் கூடவே பயணம் செய்தான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. கரையில் நின்று தன் கப்பல் அலையில் நொறுங்குவதைப் பார்த்த அந்த மனிதனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வேலை முடிந்துவிட்டது. இனிக் காவலை எடுத்துவிடலாமா?

மதில் முடிந்து கதவு மாட்டியதும் நெகேமியா போட்ட முதல் உத்தரவு, வெயில் ஏறும்வரை வாசலைத் திறக்கக்கூடாது, அவனவன் தன் வீட்டுக்கு எதிரே காவல் நிற்க வேண்டும் என்பது. கொண்டாட்டம் அதற்குப் பிறகுதான்.

அப்புறம் அவர் ராஜாவிடம் திரும்பிப் போனார். சில காலம் கழித்து எருசலேமுக்கு வந்து பார்த்தால், நரி ஏறினால் இடியும் என்று சொன்ன அதே தொபியாவுக்கு ஆலயத்துப் பிராகாரத்திலேயே ஒரு பெரிய அறை! மதிலை அவன் தாண்டவில்லை, ஒரு கல்லையும் அசைக்கவில்லை. ஆசாரியன் எலியாசிப் அவனுக்கு உறவு, அதனால் காணிக்கைப் பொருள்கள் வைக்கிற அறையையே காலி செய்து கொடுத்துவிட்டான். நெகேமியா அந்த வீட்டுச் சாமான்களை எல்லாம் எடுத்து வெளியே எறிந்தார், அறைகளைச் சுத்தம் பண்ணச் சொன்னார், பாத்திரங்களையும் காணிக்கைகளையும் சாம்பிராணியையும் திரும்பக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்.